ஓட்டு கேட்டதற்காக வீட்டை இழந்தவர்கள்: அமெரிக்க கிராமப்புற கறுப்பின மக்கள் வாக்குரிமையை மீட்டது எப்படி?

1965-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ஸ் என்றொரு கவுண்ட்டி. அங்கே வசித்தவர்களில் 100-க்கு 80 பேர் கறுப்பினத்தவர். ஆனால், வாக்காளர் பட்டியலில் எத்தனை கறுப்பினத்தவர் இருந்தார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை.

இத்தனைக்கும், இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி யாருக்கும் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் 1870-லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகு 95 வருஷம் ஓடியும் பட்டியலில் பூஜ்யம்தான்.

சாசனத்தில் இருந்த உரிமை ஊருக்குள் வராமல் போனது எப்படி? அதை அந்த ஊர்க்காரர்களே எப்படி மீட்டார்கள்? இன்றைக்கு அங்கே நிலைமை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சில விஷயங்கள்

• ஓட்டைத் தடுத்தது சட்டம் மட்டுமல்ல. வேலை, வீடு, கடன், சாப்பாடு என்று பிழைப்பின் மேல் கை வைத்துத்தான் மக்களை மிரட்டினார்கள்.

• அதனால் போராட்டத்தை முன்னால் நின்று நடத்தியவர்களில் பலர் வெள்ளை முதலாளியை நம்பிப் பிழைக்காதவர்கள். சொந்தக் கடை, சொந்த நிலம், சொந்த பஸ் வைத்திருந்தவர்கள்.

• 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதன் முக்கியமான பாதுகாப்பை முடக்கியது.

• இன்றைய தடைகள் வேறு மாதிரி: மூடப்படும் பூத், தொலைதூர அலுவலகம், பட்டியலிலிருந்து காணாமல் போகும் பெயர்.

முதலில், ஓட்டைத் தடுத்தது எப்படி?

இந்தியாவைப் போல நாடு முழுக்கத் தேர்தல் நடத்தும் ஒரே ஆணையம் அமெரிக்காவில் கிடையாது. அங்கே தேர்தலை நடத்துவது பெரும்பாலும் கவுண்ட்டி. நம்ம ஊர் மாவட்டத்தைவிடச் சிறிய நிர்வாகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் பெயர் சேர்ப்பது, பூத் எங்கே என்று முடிவு செய்வது எல்லாம் உள்ளூர் அலுவலகத்தின் கையில். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் வேலை நடக்கும், நினைக்காவிட்டால் நடக்காது.

தென் மாநிலங்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டன. மிசிசிப்பி 1890-ல் புதிய மாநில சாசனம் எழுதியது. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். மாநில சாசனத்தில் அதிகாரி காட்டுகிற பகுதியை வாசிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா தப்பா என்று முடிவு செய்வது அதே அதிகாரி. ‘கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது’ என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. ஆனால் நடந்தது அதுதான். மற்ற தென் மாநிலங்களும் இதே வழியில் போயின.

அலபாமாவின் சில கவுண்ட்டிகளில் பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டே நாள்தான் திறக்கும். சில இடங்களில், ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஒரு கறுப்பின வாக்காளர்கூட இல்லாத ஊரில் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

இதையெல்லாம் தாண்டி விண்ணப்பம் போட்டால் அடுத்த சிக்கல் காத்திருக்கும். மிசிசிப்பியில் 1962-ல் வந்த சட்டப்படி, விண்ணப்பித்தவரின் பெயரை உள்ளூர் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். நில உரிமையாளர், கடைக்காரர், வேலை கொடுப்பவர் எல்லோருக்கும் தகவல் போய்விடும். பலரும் வெள்ளைக்காரர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்து, அவர் கொடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள். பேப்பரில் பெயர் வந்தால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும்.

மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை

தென் கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில் ஜான்ஸ் தீவு இருக்கிறது. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் சொந்தமாக பஸ் ஓட்டினார். தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில்தான் போவார்கள். அப்படிப் போன ஆலிஸ் வைன் என்ற பெண், ‘எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஓட்டுப் போட ஆசை’ என்று அவரிடம் உதவி கேட்டார். பஸ் பயணத்திலேயே மாநில சாசனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் ஜென்கின்ஸ்.

பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தால் போதாது, முறையாக வகுப்பு வேண்டும் என்று தோன்றியது. டென்னசி மாநிலத்தில் இருந்த ஹைலேண்டர் பள்ளி கைகொடுத்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து பயிற்சி பெற்ற அபூர்வமான இடம் அது. அங்கிருந்து செப்டிமா கிளார்க் வந்தார். 40 வருஷம் ஆசிரியராக இருந்தவர். கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசிய சங்கத்தில் உறுப்பினராக இருந்ததை மறைக்க மறுத்ததால், 1956-ல் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தவர்.

ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கடை. 1957 ஜனவரியில் 14 பேருடன் வகுப்பு தொடங்கியது.

யார் டீச்சர்? பெர்னிஸ் ராபின்சன். அவர் பள்ளி ஆசிரியர் இல்லை, அழகு நிலையம் நடத்தியவர். அவரைத் தேர்ந்தெடுத்ததில் இரண்டு லாபம். ஒன்று, படித்தவர் என்ற தோரணை இல்லாமல் பெரியவர்களிடம் பழகுவார். இன்னொன்று, அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோருமே கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியாலும் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது.

முதல் நாளில் ராபின்சன் பாடம் நடத்தவில்லை. ‘உங்களுக்கு என்ன கத்துக்கணும்?’ என்றுதான் கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். அதையே பாடமாக வைத்தார். ஓட்டுப் பதிவுப் படிவமும் அதோடு சேர்ந்து வந்தது.

பக்கத்துத் தீவுகளுக்கும் இந்த வகுப்புகள் பரவின. 1961-ல் டென்னசி அரசு ஹைலேண்டர் பள்ளியை மூடியபோது, மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் இருந்த தென் மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டு அமைப்பு இந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தில் டோர்ச்செஸ்டர் என்ற இடத்தில் பயிற்சி மையம் நடந்தது. கிராமத்திலிருந்து ஆட்கள் வந்து சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, திரும்பிப் போய் தங்கள் ஊரில் வகுப்பு எடுப்பார்கள். ‘குடியுரிமைப் பள்ளிகள்’ என்று இவற்றுக்குப் பெயர். தென் மாநிலங்கள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இவற்றில் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

விண்ணப்பம் போட்ட அன்றே வெளியேற்றம்

மிசிசிப்பியின் சன்ஃபிளவர் கவுண்ட்டி. அங்கே ஒரு பருத்திப் பண்ணையில் 18 வருஷமாக வேலை செய்தவர் ஃபேனி லூ ஹேமர். 1962 ஆகஸ்ட் 31 அன்று அவரும் இன்னும் 17 பேரும் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, கவுண்ட்டித் தலைநகரான இண்டியானோலாவுக்குப் பெயர் சேர்க்கப் போனார்கள். அப்போது ஹேமருக்கு 44 வயது.

தேர்வில் அவரிடம் மாநில சாசனத்தின் ஒரு சிக்கலான சட்டப் பிரிவைக் காட்டி விளக்கச் சொன்னார்கள். தோற்றார். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மடக்கியது. பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று டிரைவருக்கு அபராதம். பஸ்ஸில் இருந்தவர்களே கையில் இருந்த காசைச் சேர்த்துக் கட்டினார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் பண்ணை முதலாளிக்குத் தகவல் போயிருந்தது. ‘விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் கிளம்பு’ என்றார். ஹேமர் அன்றிரவே கிளம்பினார். சில நாள் கழித்து, அவர் தங்கியிருந்த தெரிந்தவர் வீட்டின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போதும் அவர் விடவில்லை. திரும்பத் திரும்ப தேர்வு எழுதி 1963 ஜனவரியில் பாஸ் ஆனார்.

அதே வருஷம் ஜூன் மாதம், பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுத் திரும்பும்போது வினோனா என்ற ஊரில் கைது செய்து, லாக்கப்பில் வைத்து அவரைக் கொடூரமாக அடித்தார்கள். அந்தக் காயங்கள் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன்னால் இதையெல்லாம் அவர் சாட்சியமாகச் சொன்னபோது, டிவியில் நாடே பார்த்தது. ஒளிபரப்பைத் திசைதிருப்ப ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். ஆனால் டிவி சேனல்கள் ஹேமரின் பேச்சை இரவில் மறுபடியும் ஒளிபரப்பின.

சாப்பாட்டை நிறுத்தியபோது என்ன செய்தார்கள்?

சன்ஃபிளவருக்குப் பக்கத்தில் இருப்பது லெஃப்ளோர் கவுண்ட்டி. பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்தில் ஏழைக் குடும்பங்கள் மத்திய அரசின் இலவச உணவுப் பொருட்களை நம்பித்தான் ஓட்டுவார்கள். 1962 அக்டோபரில் கவுண்ட்டி நிர்வாகம் அந்த விநியோகத்தை நிறுத்தியது. 20,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஓட்டுப் பதிவு இயக்கம் சூடுபிடித்திருந்த நேரம் அது.

ஊரில் வேலை செய்துகொண்டிருந்த எஸ்.என்.சி.சி. என்ற இளைஞர் அமைப்பு, வட மாநிலங்களிலிருந்து உணவும் துணிமணியும் திரட்டியது. நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகரி விமானத்தில் உணவுப் பொருட்களைக் கொண்டுவந்தார். பொருள் வாங்க வந்தவர்களிடமே ஓட்டுப் பதிவைப் பற்றிப் பேசினார்கள். நிர்வாகம் நினைத்ததற்கு நேர்மாறாக, பதிவு அலுவலகத்துக்கு முன்னால் வரிசை நீண்டது.

டென்னசியின் ஃபயெட் கவுண்ட்டியில் இதற்கு முன்பே இன்னொரு வகை நெருக்கடி. பெயர் பதிவு செய்தவர்களின் பட்டியல் கடைக்காரர்களின் கைகளில் சுற்றியது. பட்டியலில் இருப்பவருக்கு மளிகை கிடையாது, பெட்ரோல் கிடையாது, விதைக்கும் உரத்துக்கும் கடன் கிடையாது. மளிகைக் கடை வைத்திருந்த ஜான் மெக்ஃபெரனுக்கு மொத்த வியாபாரிகள் சரக்கு தர மறுத்தார்கள். அவர் மெம்ஃபிஸ் நகரம் வரை வண்டி ஓட்டிப் போய் சரக்கு வாங்கி வந்து கடையை நடத்தினார்.

1960 இறுதியில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பங்களை நிலத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கினார்கள். போக இடமில்லாதவர்களுக்கு ஷெப்பர்டு டவுல்ஸ் என்ற கறுப்பின விவசாயி தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அங்கே கூடாரங்கள் எழுந்தன. கடுங்குளிரில் குழந்தைகளோடு குடும்பங்கள் அந்தக் கூடாரங்களில் இருந்தன. மத்திய அரசின் நீதித்துறை நில உரிமையாளர்கள் மேல் வழக்குப் போட்டது. ஓட்டுப் பதிவுக்காக யாரையும் வெளியேற்றுவதில்லை என்று 1962-ல் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

இந்தச் சம்பவங்களில் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போடு என்று சொல்வதோடு யாரும் நிற்கவில்லை. ஓட்டுக் கேட்டால் போகக்கூடிய சாப்பாட்டுக்கும் கூரைக்கும் மாற்று ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாடு இருந்த இடத்தில்தான் மக்கள் துணிந்தார்கள்.

1965 சட்டம் என்ன செய்தது?

1964 கோடையில் மிசிசிப்பியில் ஓட்டுப் பதிவுப் பணிக்காகச் சென்ற ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் ஊர்வலம் போனவர்களை போலீஸ் அடித்த காட்சியை டிவியில் நாடு பார்த்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார்.

சட்டத்தில் முக்கியமானவை மூன்று:

• பாகுபாட்டுக்குப் பேர்போன பகுதிகளில் எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது.

• உள்ளூர் அலுவலகம் பெயர் சேர்க்க மறுத்தால், மத்திய அரசின் அதிகாரிகளே வந்து சேர்ப்பார்கள்.

• அந்தப் பகுதிகளில் தேர்தல் விதி எதை மாற்றினாலும், ஒரு பூத்தை இடம் மாற்றினால்கூட, மத்திய அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும்.

பலன் வேகமாகத் தெரிந்தது. மிசிசிப்பியில் 1964-ல் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் சுமார் 7 சதவீதம் பேர்தான் வாக்காளர். 1967-ல் அது 60 சதவீதத்தை நெருங்கியது.

பூஜ்யத்திலிருந்து ஷெரிஃப் வரை

இப்போது மறுபடியும் லவுண்ஸ் கவுண்ட்டி. செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி போகும் நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் போகிறது. ஊர்வலத்துக்கு உதவ வந்த வயோலா லியூசோ இந்தச் சாலையில் 1965 மார்ச் 25 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் ஜோனதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஹெய்ன்வில் ஊரில் கொல்லப்பட்டார். இருவரும் வெள்ளையர்கள். ‘ரத்த லவுண்ஸ்’ என்றே அந்தக் கவுண்ட்டிக்குப் பெயர் இருந்தது.

அந்த மார்ச் மாதத்தில்தான் ஜான் ஹியூலெட் உள்ளிட்ட உள்ளூர்க்காரர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். பட்டியலில் முதலில் சேர்ந்தவர்களில் ஹியூலெட்டும் ஒருவர். ஊர்க்காரர்கள் தனி அமைப்பு தொடங்கினார்கள். எஸ்.என்.சி.சி.யிலிருந்து ஸ்டோக்லி கார்மைக்கேல் வந்து சேர்ந்தார். சட்டம் வந்ததும், மத்திய அரசின் பதிவு அதிகாரிகள் முதலில் அனுப்பப்பட்ட இடங்களில் லவுண்ஸும் ஒன்று.

பட்டியலில் பெயர் ஏற ஏற, வெளியேற்றமும் நடந்தது. 1965 இறுதியில் நெடுஞ்சாலை ஓரத்தில் இங்கேயும் கூடாரங்கள் போட்டார்கள். கூடாரங்களை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்கள் முறை வைத்து ராத்திரி காவல் இருந்தார்கள்.

அடுத்த கேள்வி: யாருக்கு ஓட்டுப் போடுவது? அலபாமாவில் ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேலே ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்றே எழுதியிருக்கும். அந்தக் கட்சிக்குப் போடுவதைவிட, நாமே கட்சி தொடங்கலாம் என்று முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் வேண்டும். பாயும் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷெரிஃப் என்ன செய்வார், வரி அதிகாரியின் வேலை என்ன என்று படம் போட்ட சிறு புத்தகங்களை வீடு வீடாகக் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் பின்னால் பிரபலமான ‘பிளாக் பாந்தர்’ கட்சி எடுத்துக்கொண்டதும் இந்தச் சின்னத்தைத்தான்.

1966 நவம்பர் தேர்தலில் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் அத்தனை பேரும் தோற்றார்கள். ஆனால் 1970-ல் ஜான் ஹியூலெட் ஷெரிஃப் ஆனார். ஓட்டுக் கேட்டவர்களை மிரட்டிய அதே பதவி. பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் அவர்தான் ஷெரிஃப்.

2013-ல் என்ன மாறியது?

2013 ஜூன் 25 அன்று ‘ஷெல்பி கவுண்ட்டி எதிர் ஹோல்டர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். எந்தெந்தப் பகுதிகள் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று முடிவு செய்யும் கணக்கு பழையதாகிவிட்டது, இனி அது செல்லாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. தெற்கு மாறிவிட்டது என்பது அவர்கள் வாதம். அந்த முன்அனுமதி இருந்ததால்தான் நிலைமை மாறியது, அதை எடுத்தால் பழைய நிலை திரும்பும் என்று மாற்றுத் தீர்ப்பில் எச்சரித்தார் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

நடைமுறையில் என்ன வித்தியாசம்? முன்பு ஒரு கவுண்ட்டி பூத்தை மூட நினைத்தால், ‘இதனால் சிறுபான்மையினருக்குப் பாதிப்பில்லை’ என்று அதுதான் முதலில் நிரூபிக்க வேண்டும். இப்போது பூத் மூடிய பிறகு, பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்து வழக்குப் போட வேண்டும். வழக்கு முடிவதற்குள் தேர்தலே முடிந்துவிடலாம்.

இன்றைய தடைகள் எப்படி இருக்கும்?

தெற்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் விவசாயப் பகுதியை ‘பிளாக் பெல்ட்’ என்பார்கள். அங்குள்ள கரிசல் மண்ணால் வந்த பெயர் அது. பருத்தி விளைந்த அந்தப் பகுதிகளில் இன்று வேலை குறைவு, பஸ் வசதி கிட்டத்தட்ட இல்லை. அதனால் தூரமே ஒரு தடைதான்.

அலபாமா: ஓட்டுப் போட போட்டோ அடையாள அட்டை கட்டாயம் என்ற விதி 2014-ல் நடைமுறைக்கு வந்தது. மறுவருஷமே, பணமில்லை என்று சொல்லி 31 ஓட்டுநர் உரிம அலுவலகங்களை மாநில அரசு மூடியது. பிளாக் பெல்ட் கவுண்ட்டிகள் பலவும் இதில் சிக்கின. எதிர்ப்பு கிளம்பியதும், மாதத்துக்கு ஒரு நாளாவது திறப்போம் என்று அரசு இறங்கி வந்தது. மத்தியப் போக்குவரத்துத் துறையின் விசாரணைக்குப் பிறகு சேவை நேரம் கூடியது.

ஜார்ஜியாவின் ஸ்பார்ட்டா: சிறிய ஊர். 2015-ல் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால், 180-க்கும் மேற்பட்ட கறுப்பின வாக்காளர்களின் முகவரி சரிதானா என்று கேள்வி எழுப்பினார்கள். நேரில் வந்து நிரூபிக்கச் சொல்லும் சம்மனை போலீஸே வீட்டுக்குக் கொண்டுபோனது. ஓட்டுரிமை விஷயத்துக்கு வாசலில் போலீஸ் வந்து நின்றால் வயதானவர்களுக்கு எப்படி இருக்கும்? உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன. 2017-ல் சமரசம் ஏற்பட்டு, நீக்கப்பட்டவர்களின் உரிமையைத் திருப்பிக் கொடுக்கவும், இனி நடைமுறையைக் கண்காணிக்கவும் வழி பிறந்தது.

ஜார்ஜியாவின் குவிட்மேன்: 2010-ல் கறுப்பின அமைப்பாளர்கள் சிலர் வீடு வீடாகப் போய் தபால் ஓட்டு பற்றி எடுத்துச் சொன்னார்கள். பள்ளி வாரியத் தேர்தலில் ஜெயித்தார்கள். அதன் பிறகு தபால் ஓட்டு விதிகளை மீறியதாகக் கைதானார்கள். வழக்கு நாலு வருஷம் இழுத்தது. கடைசியில் ஒருவர் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை.

ஒரு நிமிடத்தில் முடிந்த கூட்டம்

2018 ஆகஸ்ட். ஜார்ஜியாவின் ராண்டால்ஃப் கவுண்ட்டியில் 9 பூத்களில் 7-ஐ மூடலாம் என்று யோசனை வந்தது. மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வசதி இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். மக்கள்தொகை சுமார் 7,000. பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். கார் இல்லாத வீடுகள் நிறைய. சிலருக்கு அடுத்த பூத் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் தூரம். மாநில கவர்னர் பதவிக்கு கறுப்பினப் பெண்ணான ஸ்டேசி ஏப்ரம்ஸ் போட்டியிட்ட தேர்தலுக்கு மூன்றே மாதம் இருந்தது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குக் கும்பலாகப் போய் கேள்வி கேட்டார்கள். உரிமை அமைப்புகள் சட்ட நோட்டீஸ் அனுப்பின. நாடு முழுக்கச் செய்தியானது. ஆகஸ்ட் 24 அன்று தேர்தல் வாரியம் கூடி, 2-0 என்ற கணக்கில் யோசனையை நிராகரித்தது. கூட்டம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

வாரியக் கூட்டம் எப்போது, அஜெண்டா என்ன என்று யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம். யாரும் போகாத கூட்டத்தில் பூத் மூடப்பட்டால், ஓட்டுப் போட வரும் அன்றைக்குத்தான் ஊருக்கே தெரியும்.

களத்தில் இப்போது என்ன நடக்கிறது?

வேலை பெரும்பாலும் பெரிய மேடையில் இல்லை, போனிலும் வண்டியிலும்தான் நடக்கிறது.

• பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேர்தலுக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் சரிபார்த்துச் சொல்வது.

• அடையாள அட்டை வாங்க உதவுவது. கிராமத்தில் மருத்துவச்சி கையால் வீட்டிலேயே பிறந்த முதியவர்கள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. அதைத் தேடி வாங்குவதே பெரிய வேலை.

• ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எல்லோரையும் வேனில் ஏற்றி, முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கு அழைத்துப் போவது. 2021-ல் ஜார்ஜியா சட்டமன்றத்தில் ஞாயிறு வாக்குப்பதிவைக் குறைக்கும் யோசனை வந்தபோது சர்ச்சுகள் எதிர்த்தன. இறுதிச் சட்டத்தில் ஞாயிறு வாக்குப்பதிவுக்கு இடம் இருந்தது.

• பூத் அருகே வரிசையில் நிற்பவர்களைக் கவனித்துக்கொள்வது. பூத்திலிருந்து 150 அடிக்குள் வாக்காளர்களுக்குத் தண்ணீரோ உணவோ கொடுக்க அதே 2021 சட்டம் தடை விதித்தது.

லடோஷா பிரவுனும் கிளிஃப் ஆல்பிரைட்டும் 2016-ல் தொடங்கிய ‘பிளாக் வோட்டர்ஸ் மேட்டர்’ அமைப்பு இந்தச் சிறு குழுக்களுக்குப் பணமும் பயிற்சியும் கொடுக்கிறது. வெளியூரிலிருந்து ஆள் அனுப்புவதைவிட, ஊரில் ஏற்கெனவே நம்பிக்கை பெற்றவரை பலப்படுத்துவது அவர்கள் வழி.

பஸ் இன்றும் பிரச்சனைதான். 2018 அக்டோபரில் ஜார்ஜியாவின் ஜெஃபர்சன் கவுண்ட்டியில் சுமார் 40 கறுப்பின முதியவர்கள் இந்த அமைப்பின் பஸ்ஸில் ஓட்டுப் போடக் கிளம்பினார்கள். அது கவுண்ட்டி நடத்தும் முதியோர் மையம், அங்கே அரசியல் நடவடிக்கை கூடாது என்று சொல்லி அவர்களை இறக்கிவிட்டது நிர்வாகம்.

மறுதரப்பு என்ன சொல்கிறது?

இந்த விதிகளை ஆதரிப்பவர்கள், கள்ள ஓட்டைத் தடுக்கவும், தேர்தல் மேல் நம்பிக்கை வரவும் அடையாள அட்டை தேவை என்கிறார்கள். ஆள் குறைந்த கிராமத்தில் பூத் நடத்துவது செலவு என்பது கவுண்ட்டிகளின் வாதம். புதிய சட்டங்கள் வந்த பிறகும் ஜார்ஜியாவில் நிறையப் பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதையும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

களப்பணியாளர்களின் பதில்: ஓட்டு விழுவதால் தடையே இல்லை என்று ஆகாது. கார் வைத்திருப்பவருக்கு 10 மைல் 15 நிமிடம். கார் இல்லாத பாட்டிக்கு அது ஒரு நாள். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட யாரோ ஒருவர் வண்டி, பெட்ரோல், நேரம் எல்லாம் செலவு செய்கிறார். அந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வராது.

தேர்தலே நடக்காத ஊர்

அலபாமாவின் ஹேல் கவுண்ட்டியில் நியூபெர்ன் என்று ஒரு குட்டி ஊர். 2020 கணக்கெடுப்பின்படி 133 பேர். கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. ஆனால் பல பத்தாண்டுகளாக அங்கே மேயர் தேர்தலே நடக்கவில்லை. பதவியில் இருப்பவர் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அப்படியே ஓடியது.

2020-ல் பேட்ரிக் பிராக்ஸ்டன் என்ற தன்னார்வத் தீயணைப்பு வீரர் முறைப்படி மனுத் தாக்கல் செய்தார். வேறு யாரும் மனுப் போடவில்லை. அதனால் அவரே மேயர், ஊரின் முதல் கறுப்பின மேயர். ஆனால் பழைய நிர்வாகம் தனியாகக் கூடித் தங்களையே மறுபடியும் நியமித்துக்கொண்டது. ஊராட்சி அலுவலகத்தின் பூட்டையும் மாற்றிவிட்டார்கள்.

பிராக்ஸ்டனும் ஊர்க்காரர்களும் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024-ல் சமரசத் தீர்வு வந்து அவர் பதவியில் அமர்ந்தார். ஒழுங்காகத் தேர்தல் நடத்த வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. 2025 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. பிராக்ஸ்டனுக்கு 66 ஓட்டு, எதிர்த்து நின்றவருக்கு 26.

மொத்தமே 92 ஓட்டு. ஒரு தெருவில் எண்ணி முடித்துவிடலாம். ஆனால் ஊரில் ரோடு யாருக்குப் போடுவது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகும், வரிப்பணம் எதற்குச் செலவாகும் என்பதை முடிவு செய்வது இந்த மாதிரி சின்னத் தேர்தல்கள்தான். ஷெரிஃப், பள்ளி வாரியம், மேயர் என்று கிராமப்புற கறுப்பின மக்கள் முதலில் இந்தப் பதவிகளைக் குறிவைத்ததும் அதனால்தான். பெயர் சேர்ப்பவரும், பூத் போடுபவரும், பூட்டுச் சாவி வைத்திருப்பவரும் உள்ளூரில்தான் இருக்கிறார்கள்.